பலூனில் அடங்காத ‘ங்க’

12 ஜனவரி 2004, திங்கள்

நரேஷ் வேறு வேலை கிடைத்து வைட்ஃபீல்டுக்குப் போய்விட்டான். வெள்ளிக்கிழமை வரை என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தமிழில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தவன், சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. அவன் மேஜையில் பாதி தின்ற பிஸ்கட் பொட்டலமும் பாதி மொழிபெயர்த்த கொலையும் கிடந்தன.

ரகுராம் சார் பத்து மணிக்குக் கூப்பிட்டார். தொம்மலூரில் ஒரு மாவு மில்லின் மாடியில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் விளையாட்டு செய்யும் எங்கள் கம்பெனிக்கு அவர்தான் முதலாளி. கதையும் அவரே எழுதுவார், ஆங்கிலத்தில். தமிழ் நன்றாகப் பேசுவார், படிக்க வராது.

“மரகதம், டைப்பிங் மட்டும்தானா, இல்ல டிரான்ஸ்லேட்டும் பண்ணுவீங்களா?”

பண்ணுவேன் என்றேன். யோசிக்கவே இல்லை. பதினோரு வயதில் வாடகை நூலகத்தில் துப்பறியும் காமிக்ஸ் எடுக்க ஆரம்பித்தவள், முப்பத்திரண்டிலும் விடவில்லை. வீட்டில் இவர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். சிரிக்கட்டும்.

மூன்று மாதம் தவணை. ‘நாலரை மணி நிழல்’ என்கிற இந்தக் கதை தமிழில் ஒழுங்காக வந்தால் வேலை நிரந்தரம், புத்தகத்தில் ‘தமிழ்: மரகதம்’ என்று பெயரும் வரும். சொதப்பினால் சிவாஜிநகர் கல்யாணப் பத்திரிகை அச்சகத்துக்கே திரும்ப வேண்டியதுதான். ‘நிகழும் மங்களகரமான’ என்று ஒன்பது வருடம் அடித்திருக்கிறேன். இன்னொரு தடவை அடித்தால் எனக்குப் பைத்தியம் பிடிக்கும்.

19 ஜனவரி

இந்தக் கதையை ஒரு தடவை எழுதிப் பார்த்துக்கொள்கிறேன், எனக்கே குழப்பமாக இருக்கிறது.

கண்டோன்மென்ட் ஸ்டேஷன் பக்கம் ஒரு லாட்ஜ். மாடி அறையில் தபால்தலை வியாபாரி ஒருவர் செத்துக் கிடக்கிறார். போலீஸ் இன்ஸ்பெக்டர் தப்பான ஆளைப் பிடிக்கிறார். சேவியர் என்ற தனியார் துப்பறிவாளர் வருகிறார். முப்பத்திரண்டு பக்கக் காமிக்ஸ் புத்தகத்தை முதலில் படிக்க வேண்டும். பிறகு சிடியைக் கம்ப்யூட்டரில் போட்டு, அறை அறையாகப் போய், பார்க்கிறவர்களையெல்லாம் விசாரித்து, கடைசியில் கொலையாளி மேல் கிளிக் செய்ய வேண்டும். கொலை செய்தது லாட்ஜ் வரவேற்பறையில் உட்காரும் ரக்ஷிதா. அது கடைசி வரை யாருக்கும் தெரியக் கூடாது. பெண் என்றே தெரியக் கூடாது, ஏனென்றால் கதையில் பெண் என்று இருப்பது அவளும் லாட்ஜைக் கூட்டிப் பெருக்கும் எல்லம்மாவும் மட்டும்தான்.

சேவியர் தொப்பியும் நீளக் கோட்டும் போட்டிருக்கிறார். பெங்களூரில் தொப்பி போடுகிறவர்கள் எனக்குத் தெரிந்து டிராஃபிக் போலீஸும் பேண்டு வாத்தியக்காரர்களும்தான். ரகுராம் சாரிடம் சொன்னேன். “மூடு மரகதம், மூடு” என்றார். ஒரு நிமிடம் என்னை வாயை மூடச் சொல்கிறார் என்று நினைத்துவிட்டேன். படம் போடும் ஸ்னேஹா விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஸ்னேஹா பக்கத்துக்கு ஒரு பாட்டில் கறுப்பு மை ஊற்றுகிறாள். எந்தக் கட்டத்தைப் பார்த்தாலும் மழை, எல்லார் முகத்திலும் பாதி இருட்டு. கேலி செய்கிறேனே தவிர, எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

23 ஜனவரி

சீனிவாசராகவன் சார் என் முதல் பத்துப் பக்கத்தைத் திருத்திக் கொடுத்தார். மாநில அரசு செயலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், ரகுராம் சாரின் அப்பாவுக்கு நண்பர். செவ்வாயும் வெள்ளியும் மல்லேஸ்வரத்திலிருந்து குடையோடு வந்து தமிழைப் பிழை பார்க்கிறார். பக்கம் முழுக்கச் சிவப்பு.

எல்லம்மாவின் பேச்சை அப்படியே என் மாமியார் பேசுகிற மாதிரி எழுதியிருந்தேன். படத்தில் ஆட்கள் பேசுவதை அடைக்கிற பலூனுக்குள் பேச்சுத் தமிழ் இருக்கலாம் என்று ரகுராம் சார்தான் சொல்லியிருந்தார். சீனிவாசராகவன் சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கோபமே இல்லாமல், “இது பேச்சுத் தமிழ்கூட இல்லைம்மா. பெங்களூர்த் தமிழ்” என்றார்.

கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். எங்கள் ஜீவனஹள்ளியில் வேறு என்ன தமிழ் பேசுவார்களாம்?

30 ஜனவரி

பலூன் பிரச்சினை. ஆங்கிலத்துக்கு அளவெடுத்து ஸ்னேஹா பலூன் போட்டிருக்கிறாள். தமிழ் உள்ளே நுழையவே மாட்டேன் என்கிறது. பெரிதாக்கித் தரச் சொன்னால், “அக்கா, பலூனைப் பெருசாக்கினா சேவியர் தலை போயிடும்” என்கிறாள். ஆகவே நான்தான் வெட்ட வேண்டும். ‘யாரோ’ போச்சு. ‘அங்கே’ போச்சு. ரகுராம் சார் வாக்கியத்துக்கு வாக்கியம் மூன்று புள்ளி வைக்கிறார், அதற்கு மட்டும் இடம் விட வேண்டுமாம், மூடுக்காக.

11 பிப்ரவரி

முடித்துவிட்டேன். முப்பத்திரண்டு பக்கமும் அச்சுக்குப் போனது. சீனிவாசராகவன் சார் கடைசி ப்ரூஃபில் கையெழுத்துப் போட்டார். அப்பாடா. வரும் வழியில் அல்சூரில் இறங்கி மல்லிகைப்பூ வாங்கிக்கொண்டேன்.

27 பிப்ரவரி, வெள்ளி

புத்தகம் வந்துவிட்டது. மூவாயிரம் பிரதி, படிக்கட்டில் அடுக்கி வைத்திருக்கிறோம், மில்லின் மாவு படியாமல் இருக்க மேலே பிளாஸ்டிக் போட்டு. கடைசிப் பக்கத்தில் கீழே சின்னதாக ‘தமிழ்: மரகதம்’. ஐந்தாறு தடவை எடுத்து எடுத்துப் பார்த்தேன். ஸ்னேஹா கவனித்திருப்பாள், கவனிக்கட்டும். கடைக்காரர்கள் சிலருக்கு மட்டும் முன்கூட்டியே ஒரு பிரதி அனுப்புகிறார்கள். சிடி தயாரானதும் ஏப்ரலில் எல்லாம் சேர்ந்து கடைக்குப் போகும்.

28 பிப்ரவரி

இவர் ஷட்டில் வேனை நிறுத்திவிட்டு மதியமே வீட்டுக்கு வந்தார். வைட்ஃபீல்டு கம்பெனிக்காரர்களை ஏற்றி இறக்கும் வேலை, சனிக்கிழமை அரை நாள். அத்தைக்குப் படிக்கத் தெரியாது, அதனால் இவரே தன் அம்மாவுக்குப் புத்தகத்தை வாசித்துக் காட்டினார். எல்லம்மா பேசுகிற இடம் வந்ததும், அவள் குரலிலேயே வாசிக்கிறேன் பேர்வழி என்று நிறுத்தி நிதானமாக:

“நாலரைக்கு மேல மாடி ஏறி வந்தா.”

அத்தை கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் நிமிர்ந்தார். “ஓ, பொம்பளையா கொன்னது?”

 புத்தகத்தைப் பிடுங்கிப் பார்த்தேன். ஒன்பதாம் பக்கம், மூன்றாம் கட்டம். ஆங்கிலத்தில் ‘யாரோ ஒருவர் வந்தார்’ என்றுதான் இருந்தது. நானும் முதலில் ‘யாரோ வந்தாங்க’ என்றுதான் எழுதினேன். பலூனில் இடமில்லை என்று ‘யாரோ’வை வெட்டினேன். அப்புறம் ஸ்னேஹா இன்னும் ரெண்டு எழுத்து அக்கா, ரெண்டே ரெண்டு எழுத்து என்றாள். ‘ங்க’வையும் வெட்டினேன்.

வந்தாங்க என்றால் ஆணாகவும் இருக்கலாம், பெண்ணாகவும் இருக்கலாம். வந்தா என்றால் வந்தாள். வேற யாரு? கதையில் இருக்கிறதே ரெண்டு பொம்பளை, அதிலும் ஒருத்திதான் இதைச் சொல்கிறவள். மரகதம், நீயா இந்தக் காரியம் பண்ணே? உனக்குக் கொலைகாரி யாருன்னு தெரியும், அதான் கை தானா வெட்டிடுச்சு.

29 பிப்ரவரி

தூங்கவில்லை. இவரிடமும் சொல்லவில்லை.

3 மார்ச்

யாரும் கவனிக்கவில்லை. ரகுராம் சாருக்குத் தமிழ் படிக்க வராது. ஸ்னேஹா எழுத்தைப் பார்ப்பதே இல்லை, இடத்தைத்தான் பார்ப்பாள். சீனிவாசராகவன் சார் நேற்று வந்து, புத்தகத்தைப் புரட்டி, “அச்சு சுத்தமா வந்திருக்கு” என்றார். ஒன்பதாம் பக்கத்தைத் தாண்டும்போது நான் தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன்.

யாருக்கும் தெரியாமலே போய்விடுமோ? அப்படி நினைத்ததும் ஒரு நிம்மதி. பிறகு அந்த நிம்மதியை நினைத்து வெட்கம்.

9 மார்ச், செவ்வாய்

சென்னையிலிருந்து போன். முன்பிரதி படித்த கடைக்காரர். ரகுராம் சார் ஸ்பீக்கரில் போட்டிருந்தார். “சார், படமெல்லாம் பிரமாதம். ஆனா ஒன்பதாம் பக்கத்துலயே பொம்பளைன்னு சொல்லிட்டீங்களே. அப்புறம் சிடி எதுக்கு சார்?”

  ரகுராம் சார் என்னைப் பார்த்தார். நான் கீபோர்டைப் பார்த்தேன்.

அப்போது சீனிவாசராகவன் சார் எழுந்தார். “கடைசியாப் பார்த்து கையெழுத்துப் போட்டவன் நான். தப்பு என்னோடது ரகு. கண்ணும் முன்ன மாதிரி இல்லை. இனிமே நான் வரலை.” குடையை எடுத்துக்கொண்டார், படி இறங்கிவிட்டார்.

நான் என்ன செய்தேன்? ஒண்ணும் செய்யலை. அந்த மனுஷன் என் தப்பைத் தூக்கிக்கிட்டுப் படி இறங்கறார், நான் உக்காந்து பார்க்கறேன். வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்தே? ஒன்பது வருஷப் பத்திரிகை அச்சகத்துக்கு இவ்வளவு பயமா?

10 மார்ச்

சொல்லிவிட்டேன்.

காலை ஒன்பதரைக்கு, வேறு யாரும் வருவதற்கு முன்னால், ரகுராம் சாரிடம். ‘ங்க’வை வெட்டியது நான், பத்து நாளாகத் தெரிந்தே சொல்லாமல் இருந்ததும் நான். நிறுத்தாமல் சொல்லி முடித்தேன்.

அவர் கோபப்பட்டார். கத்தவில்லை, அது இன்னும் மோசம். “தப்பு எல்லாரும் பண்றதுதான். ஃபர்ஸ்ட் டே சொல்லியிருக்கணும் மரகதம். மூவாயிரம் காப்பி படிக்கட்டுல நிக்குது.” கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் நின்றார். “திங்கட்கிழமை வரைக்கும் டைம். இதுக்கு ஒரு வழி சொல்லுங்க. இல்லைன்னா எல்லாத்தையும் பழைய பேப்பருக்குப் போட்டுட்டு, தமிழையே விட்டுடறேன். சீனிவாசராகவன் சார்கிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க.”

தமிழையே விட்டுவிட்டால் நானும் இல்லை. அது தெரிந்தும், பஸ்ஸில் உட்கார்ந்தபோது உடம்பு லேசாக இருந்தது. ஜன்னலோர இடத்தில் உட்கார்ந்து மல்லேஸ்வரம் வரை தூங்கியே போனேன். பத்து நாள் தூக்கம்.

சீனிவாசராகவன் சாரே கதவைத் திறந்தார். என்னை உட்காரச் சொல்லிவிட்டு, காபி கலந்து எடுத்துவந்தார். நான் காபியைத் தொடாமல் சொன்னேன். ‘ங்க’ வெட்டியது, தெரிந்தது, நேற்று வாயைத் திறக்காதது.

அவர் நான் எதிர்பார்த்த எதையும் சொல்லவில்லை. “இருங்கோ” என்று உள்ளே போய்ப் புத்தகத்தைக் கொண்டுவந்து ஒன்பதாம் பக்கத்தைப் பிரித்தார்.

“நான் இதை வந்தாள்னு படிக்கவே இல்லையேம்மா. வந்தால்னுதான் படிச்சேன். ‘நாலரைக்கு மேலே மாடி ஏறி வந்தால், எனக்குத் தெரியாதா? செருப்புச் சத்தம் போதுமே.’ யாராவது வந்தால் எனக்குத் தெரியாதா, அப்படின்னு கேக்கறா. ஒரு ‘ல்’ போடச் சொல்லலாம்னு நினைச்சேன். பலூன்ல இடமில்லைன்னு விட்டுட்டேன்.”

புத்தகத்தை வாங்கிப் படித்தேன். ‘நாலரைக்கு மேல மாடி ஏறி வந்தா...’ என்று ஒரு பலூன். ‘எனக்குத் தெரியாதா? செருப்புச் சத்தம் போதுமே’ என்று அடுத்த பலூன். வந்தாள் என்று படித்தாலும் சரியாக இருக்கிறது. வந்தால் என்று படித்தாலும் சரியாக இருக்கிறது. நம் வாயில் இரண்டுமே வந்தாதானே.

“அப்போ இது தப்பா, சரியா?” என்று அவரே என்னைக் கேட்டார்.  ஆறிப்போன காபியைக் குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை வருகிறேன் என்றார்.

13 மார்ச், சனி

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தால், “இதையா பத்து நாளா முழுங்கினு இருந்தே? நான் வேற எதுவோன்னு பயந்துட்டேன்” என்றார். எதுவென்று நினைத்தாராம், சொல்ல மாட்டேன் என்கிறார்.

நேற்று புத்தகத்தை வேனில் எடுத்துப் போய், தமிழ் படிக்கத் தெரிந்த பதினான்கு பேரிடம் ஒன்பதாம் பக்கத்தைக் காட்டி, கொன்றது யார் என்று கேட்டிருக்கிறார். பதினோரு பேர் தெரியவில்லை என்றார்களாம். மூன்று பேர் பெண் என்றார்களாம். தெரியவில்லை என்றவர்களில் ஒருத்தர், ஒருவேளை சேவியரே கொன்றிருப்பார், ஆளே சரியில்லை என்றாராம்.

மூன்று பேரே போதும், கதை கெட்டுப்போகும். ஸ்னேஹா ‘ங்க’ என்று சின்ன ஸ்டிக்கர் அடித்து மூவாயிரத்திலும் ஒட்டலாம் என்கிறாள். ஒட்டின இடத்தைத்தானே எல்லாரும் முதலில் பிய்த்துப் பார்ப்பார்கள்?

14 மார்ச், ஞாயிறு

இதை ஓடிவந்து எழுதுகிறேன். கையெல்லாம் சோப்பு.

காலையில் எங்களுக்குச் சிலிண்டர் வந்தது. போடுகிறவர் ஹாசன் பக்கத்துப் புது ஆள், கன்னடம் மட்டும்தான். சிலிண்டரைப் படிக்கட்டில் வைத்துவிட்டு, கையெழுத்துப் புத்தகம் எடுக்கக் கீழே வண்டிக்குப் போனார். அதற்குள் மேல் வீட்டு மகா தனக்கு வந்தது என்று நினைத்து எடுத்துப் போய்விட்டாள். அவர் திரும்பி வந்து, சிலிண்டரைக் காணோமே, “யாரு தொகொண்ட்ரு?”, யார் எடுத்தது என்று அத்தையைக் கேட்டார்.

அத்தை தன் பாட்டுக்கு, “மேல் வீட்லேர்ந்து வந்தா, எடுத்துக்கினு போனா” என்றார்.

அந்த ஆள் மாடி ஏறிப் போய் மகா வீட்டுக் கதவைத் தட்டி, உங்க வீட்டு ஆம்பளை எங்கே, வெளியே வரச் சொல்லு என்று கன்னடத்தில் சண்டை. மகாவும் அவள் அம்மாவும் மட்டும் இருக்கிற வீடு. எந்த ஆம்பளை என்று அவள் கத்த, அந்தப் பாட்டியம்மாவே சொன்னாங்க, ஒருத்தன் வந்தான் என்று அந்த ஆள் கத்த, தெருவே கூடிவிட்டது. அத்தை வாசலில் நின்று, “நான் எப்போடா ஆம்பளைன்னு சொன்னேன்?” என்கிறார்.

எனக்குச் சட்டென்று புரிந்தது. கன்னடத்தில் ‘பந்த’ என்றால் அவன் வந்தான். அவள் என்றால் ‘பந்த்லு’. அத்தை சொன்ன ‘வந்தா’, அந்த ஆள் காதில் ‘பந்த’ என்று விழுந்திருக்கிறது. இரண்டு மொழியும் தெரிந்த எங்களுக்கு இது உறைப்பதே இல்லை. ஊருக்குப் புதிதாக வந்தவருக்கு வந்தாள் என்றது வந்தான் ஆகிவிட்டது.

நம் கதையில் இன்ஸ்பெக்டர் ஏன் தப்பான ஆளைப் பிடிக்கிறார்? ரகுராம் சார் அதற்குக் காரணமே எழுதவில்லை. இன்ஸ்பெக்டர் ஹாசனிலிருந்து மாற்றலாகி வந்து ஒரு வாரம்தான் ஆகிறது என்றால்? எல்லம்மா முதல் நாளே உண்மையைச் சொல்லிவிட்டாள். அவர் ஆண் வந்தான் என்று எழுதிக்கொண்டார். படிக்கிற நாம் ‘வந்தால்’ என்று படித்துவிட்டுத் தாண்டிப் போகிறோம். சேவியர் கண்டோன்மென்ட்டில் பிறந்தவர், அவருக்குக் கன்னடமும் தெரியும், எல்லம்மாவின் தமிழும் தெரியும். கடைசியில் அவர் ஒருத்தர் காதில்தான் அந்த ஒரு சொல் சரியாக விழுகிறது.

புத்தகத்தை மாற்றவே வேண்டாம். சிடியில் கடைசி இரண்டு காட்சியை மாற்றினால் போதும்.

இது சரிதானே? திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். சரியாகத்தான் இருக்கிறது. கடவுளே, சரியாக இருக்கிறது.

(சிலிண்டர் வந்துவிட்டது. மகாவும் அந்த ஆளும் சமாதானம். அத்தை மட்டும் இன்னும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார்.)

15 மார்ச், திங்கள்

ரகுராம் சாருக்குச் சொல்லி விளங்க வைக்க நாற்பது நிமிடம் ஆனது. முதலில், “ஒரு நிமிஷம், ‘வந்தா’ங்கறது ‘இஃப்’ மாதிரியும் வருமா?” என்றார். அவரே தினமும் அப்படித்தான் பேசுகிறார், தெரியவில்லை. பிறகு சிலிண்டர் கதையைச் சொன்னேன். பாதியில் எழுந்து நின்றுவிட்டார்.

“அப்போ தமிழ் படிக்கறவன் ‘இஃப்’னு நினைப்பான். போலீஸ் ‘ஹீ’ன்னு நினைப்பான். அவ சொன்னது ‘ஷீ’.”

ஆமாம் சார்.

“வேன்ல மாதிரி மூணு பேர் கண்டுபிடிச்சுட்டா?”

“கண்டுபிடிச்சவங்க கெட்டிக்காரங்க சார். அவங்களுக்கு அதுதானே விளையாட்டு. இப்போ அது தப்பு இல்ல, க்ளூ.”

அவர் சிரித்தார். ஒன்பதாம் தேதியிலிருந்து இன்றுதான் சிரிக்கிறார். நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். ஸ்னேஹா தண்ணீர் கொடுத்தாள். “சேவியர் தலையைக் காப்பாத்தினேன்ல அக்கா, பலூனைப் பெருசாக்கியிருந்தா இதெல்லாம் நடந்திருக்குமா?” என்று பெருமை வேறு.

26 மார்ச்

சேவியர் கடைசிக் காட்சியில் பேசுவதை நானே எழுதினேன். முதலில் தமிழில். நான் வாசிக்க, ரகுராம் சார் அதைக் கேட்டு ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டார். சீனிவாசராகவன் சார் சிவப்புப் பேனாவோடு இரண்டு மணி நேரம் உட்கார்ந்து ஒரு காற்புள்ளி போட்டார்.

2 ஏப்ரல்

நிரந்தரம். கடிதம் கையில் இருக்கிறது. இவருக்குப் போன் செய்து சொன்னேன், வேனில் இருந்தவர்கள் எல்லாம் கை தட்டினார்களாம். பொய்யாகக்கூட இருக்கலாம். நம்புகிறேன்.

18 ஜூன்

சிடி வெளியாகி இரண்டு மாதம். ஓகோ என்றெல்லாம் இல்லை, ஆனால் போகிறது. சென்னைக்காரர் மறுபடி போன் செய்தார். “சார், என்னைக் கவுத்துட்டீங்களே. அச்சுப்பிழைன்னு நினைச்சேனே” என்றார். 

கன்னடப் பதிப்பில் எல்லம்மாவின் வாக்கியத்தை மொழிபெயர்க்காமல் கன்னட எழுத்தில் அப்படியே போட்டுவிட்டார்கள். அதைப் படிக்கிற கன்னடக்காரர்கள் அத்தனை பேரும் இன்ஸ்பெக்டரோடு சேர்ந்து ஏமாறுகிறார்கள் என்று ரகுராம் சாருக்கு ஒரே குஷி.

அத்தைக்குக் கம்ப்யூட்டரில் கடைசிக் காட்சியைக் காட்டலாம் என்று சனிக்கிழமை ஆபீசுக்கு அழைத்துப் போனேன். சேவியர் ஐந்து நிமிடம் விளக்குவதைப் பொறுமையாகக் கேட்டார். “இதைத்தானே அவ முதல்லயே சொன்னா. இவருக்கு இன்னாத்துக்குத் தொப்பி?” என்றார்.

7 பிப்ரவரி 2005, திங்கள்

இரண்டாம் கதையை நீங்களே எழுதுங்களேன் என்றார் ரகுராம் சார். டீ குடித்துக்கொண்டிருந்தபோது, ஏதோ ஜன்னலைச் சாத்துங்களேன் என்கிற மாதிரி. நான் சரி என்றேனா என்றுகூட நினைவில்லை. மத்தியானம் முழுக்க மாவு மில்லின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே சும்மா உட்கார்ந்திருந்தேன்.

மழையும் தொப்பியும் வேண்டாம். வெயிலில் ஒரு கொலை. வைட்ஃபீல்டு ஷட்டில் வேனில்.

13 மே

சீனிவாசராகவன் சாரிடம் முதல் பாகம் கொடுத்திருந்தேன். இன்று போன் செய்தார். வேன் டிரைவர் பேசுகிற ஒரு இடத்தில் ‘எடுத்துக்கொண்டு’ என்று எழுதிவிட்டேனாம், ஏதோ ஞாபகத்தில். “உங்க பக்கத்துல இப்படிச் சொல்ல மாட்டாளேம்மா. எப்படிச் சொல்லுவா?” என்று கேட்டார். எடுத்துக்கினு என்றேன். எழுத்துக்கூட்டச் சொன்னார். எழுதிக்கொண்டார்.

போனை வைத்த பிறகு கொஞ்சம் அழுதேன். ஏன் என்று தெரியும். எழுதத் தோன்றவில்லை.

20 ஜூலை

இரண்டாம் கதை முடிந்து மூன்று வாரம். நான் வாசித்து டேப்பில் பதிந்து கொடுத்ததைக் கேட்டு ரகுராம் சார் ஆங்கிலத்தில் பெயர்த்துக்கொண்டிருக்கிறார். சாயங்காலம் வீட்டுக்குப் போன் செய்தார், குரலே சரியில்லை.

இருபதாம் பக்கத்தில் மாட்டிக்கொண்டாராம். துப்பறிகிற பெண் வேனில் உட்கார்ந்து ஒருத்தனை விசாரிக்கிறாள். அவன், “நாம அன்னிக்கு அந்தப் பக்கமே போகலை” என்கிறான். நாங்க என்று சொல்ல வேண்டிய இடத்தில் வாய் தவறி நாம என்று சொல்லிவிடுகிறான். ஏனென்றால் அவன் அதை அவளிடம் சொல்லவில்லை, அவளுக்குப் பின்சீட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிற கூட்டாளியிடம் சொல்கிறான். அவள் திரும்பிப் பார்க்கிறாள். கதையே அந்தத் திரும்புதலில்தான் இருக்கிறது.

“ஆங்கிலத்துல ரெண்டுக்கும் ஒரே வார்த்தைதான் மரகதம். கன்னடத்துக்கு மாத்தறவரும் ‘நாவு’ ஒண்ணுதான் இருக்குன்னு உக்காந்துட்டார். ரெண்டு நாளா மண்டையை உடைச்சுக்கறேன். அந்த ஒரு லைனை மட்டும் நீங்க வேற மாதிரி மாத்திக்க முடியுமா?”

யோசித்துப் பார்த்தேன். உண்மையாகவே யோசித்தேன்.

“முடியாது சார்” என்றேன்.

 “சரி, நான் இன்னும் ரெண்டு நாள் பார்க்கறேன்” என்றார். பார்க்கட்டும். நான் இட்லிக்கு மாவு கரைக்கப் போனேன்.